மண் ஈர சென்சார் தப்பாகக் காட்டுகிறதா? மாடித்தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னைப் புறநகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நாற்பது க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை) இருக்கிறது. சொட்டுநீர்க் குழாய் நாலு வரிசை, 12 வோல்ட் பம்பு ஒன்று, சென்சாரின் வோல்ட்டேஜை எண்ணாக்கிப் பம்பை ஓட்டும் சின்னக் கணினியான இஎஸ்பி32 போர்டு ஒன்று, ஆறு சென்சார். நாலு வருடமாக இதோடு மல்லுக்கட்டி வருகிறேன். தோட்டம் போடும் நண்பர்களுக்குச் சென்சார் மக்கர் பண்ணினால் முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், கேள்விகளும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். படிக்கும் முன் ஒரு விஷயம்: சென்சார் அனுப்புவது வெறும் வோல்ட்டேஜ், அதுவும் அது குத்தி நிற்கிற அந்த நாலு விரல் மண்ணிலிருந்து மட்டும் வருவது. அதை ஈரம் என்று அர்த்தப்படுத்துவது நாம்தான், தப்பு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நடக்கிறது.

மண் ஈரமாகத்தான் இருக்கிறது, ஆனால் சென்சார் காய்ந்துவிட்டது என்கிறது. போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. மண்ணுக்கும் சென்சார் தகட்டுக்கும் நடுவில் காற்று புகுந்திருக்கும். கருப்புத் தகடாக வருகிற கெப்பாசிடிவ் சென்சார், தன்னை ஒட்டியிருக்கும் பொருளின் மின்காப்பு மாறிலியைத்தான், அதாவது அந்தப் பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு இசைகிறது என்பதைத்தான் பார்க்கிறது. தண்ணீருக்கு அது சுமார் 80, காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரை, காற்றுக்கு 1. அதனால் தகட்டை ஒட்டி ஒரு நூல் அளவு காற்று நின்றாலே போதும், பின்னால் எவ்வளவு ஈரம் இருந்தாலும் அதற்குத் தெரியாது. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவையில் இது ரொம்ப சகஜம், ஏனென்றால் காயக் காய அது சுருங்கி, பேக் ஓரத்தை விட்டும் சென்சாரை விட்டும் விலகிக்கொள்ளும். தரையில் கரிசல் மண்ணில் போட்டவர்களுக்கு இன்னும் மோசம், வெடிப்பு சரியாகச் சென்சார் குத்திய கோட்டிலேயே விழும்.

சரி செய்வது எளிது. முதலில் மண்ணை நனையுங்கள், பழைய கத்தியாலோ இரும்பு ஸ்கேலாலோ ஒரு கீறல் போட்டு அதில் சென்சாரை இறக்குங்கள், இரண்டு பக்கமும் கட்டைவிரலால் மண்ணை அமுக்கிவிடுங்கள். இறக்கும்போது முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள், ஆட்டினால் குழி அகன்று மறுபடியும் காற்று புகும். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

நேர்மாறாக, காய்ந்த மண்ணில் ஈரம் என்று காட்டுகிறது. அது ஏன்?

முதலில் சொட்டுவானுக்கு நேர் கீழே குத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அங்கே மட்டும் எப்போதும் ஈரம் இருக்கும், செடியின் மற்ற வேர்கள் தாகத்தில் கிடக்கும்.

அப்படி இல்லையென்றால் சென்சாரை வெளியே எடுத்துக் கழுவி, துணியால் துடைத்து, கையில் படாமல் காற்றில் பிடித்து எண்ணைப் பாருங்கள். புதிதாக வாங்கியபோது காற்றில் வந்த எண்ணை விட ரொம்பத் தள்ளி, ஈரத்தின் பக்கமாக நின்றால், தண்ணீர் போர்டுக்குள்ளேயே போய்விட்டது என்று அர்த்தம். தகட்டின் இரண்டு முகத்திலும் பூச்சு இருக்கும், ஆனால் வெட்டிய ஓரத்தில் இருக்காது. இரண்டு வருடம் மண்ணில் கிடந்த ஒன்றை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன்: ஓரம் முழுக்க நார் நாராக வெளுத்து, நனைந்த அட்டையைப் போலப் பிரிந்து உப்பியிருந்தது, கருப்புப் பூச்சு ஓரத்திலிருந்து உள்பக்கமாகக் கொப்பளித்திருந்தது. அந்த நிலைக்கு வந்ததைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கொஞ்சம்தான் ஊறியிருக்கிறது என்றால் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, ஓரங்களில் நெயில் பாலிஷ் இரண்டு மூன்று கோட் அடித்துப் பயன்படுத்தலாம். புதிதாக வாங்கினால் மண்ணில் வைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, சென்சாரின் ஆயுள் இதில்தான் இருக்கிறது.

என்னிடம் இருப்பது இரண்டு கால் உள்ள சென்சார். அதுவும் இதேதானா?

இல்லை. அது ரெசிஸ்டிவ் வகை. இரண்டு காலுக்கும் நடுவே மண் வழியாகக் கரண்ட் எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பது, கூடவே எல்எம்393 சிப் உள்ள ஒரு சின்ன போர்டு வரும். நேர்மின்சாரம் ஈர மண்ணில் நாள் முழுக்க ஓடினால் மின்பகுப்பு நடந்து ஒரு கால் அரித்துக்கொண்டே போகும். என்னுடைய முதல் சென்சார் இதுதான். மூன்றாவது வாரம் பிடுங்கிப் பார்த்தால் ஒரு கால் புதுசு போல இருக்கிறது, இன்னொரு காலில் செம்பே இல்லை, பச்சைப் பொடி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் செம்பு போனது நம் கீரை வளர்கிற மண்ணுக்குள். அதனால்தான் சாப்பிடும் செடிக்கு இது வேண்டாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

இப்போதைக்கு இதுதான் கையில் இருக்கிறது என்றால், அதன் பவர் ஒயரை நேராகச் சப்ளையில் மாட்டாமல் போர்டின் ஒரு அவுட்புட் பின்னில் மாட்டுங்கள். அளவெடுக்கும் அந்த ஒரு நொடி மட்டும் பவர் கொடுத்துவிட்டு அணைத்துவிடுங்கள். வாரக்கணக்கில் நின்றது மாதக்கணக்கில் நிற்கும்.

சதவீதம் 130 என்றும் மைனஸ் 20 என்றும் வருகிறது.

யாரோ எழுதிய புரோகிராமில் இருந்த இரண்டு எண்களை அப்படியே வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு சென்சாருக்கும், ஒவ்வொரு போர்டுக்கும் அந்த எண்கள் வேறு. ஆர்டுயினோ ஊனோ என்ற போர்டில் அளவு 0 முதல் 1023 வரை, இஎஸ்பி32-இல் 0 முதல் 4095 வரை. அதுவும் போதாதென்று, கெப்பாசிடிவ் சென்சாரில் எண் ஏறினால் ஈரம் குறைகிறது என்று அர்த்தம். தலைகீழாகப் போட்டுவிட்டு, மழை பெய்யும்போது பம்பு ஓடுகிறதே என்று கூப்பிட்டவர்கள் உண்டு.

காற்றில் ஒரு எண், தண்ணீர் டம்ளரில் ஒரு எண் எடுத்து நடுவில் பிரிப்பது எல்லோரும் சொல்லும் வழி. சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அது போதும், தண்ணீர் விடுவதை முடிவு செய்ய அது போதாது. செடிக்குத் தேவையான ஈரம் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடத்தில்தான் இருக்கிறது. நான் செய்வது இப்படி: உங்கள் கலவை நிரம்பிய ஒரு பேக்கில் அடி ஓட்டை வழியாக ஒழுகும்வரை தண்ணீர் விடுங்கள், வடிந்து முடியட்டும், மறுநாள் காலையில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் 'போதும்'. அப்புறம் அந்தப் பேக்குக்குத் தண்ணீர் விடாமல் தினமும் காலையில் மூன்று காரியம்: விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், பேக்கைத் தூக்கிக் கனம் பாருங்கள், எண்ணை எழுதுங்கள். விரலில் மண் ஒட்டாமல், பேக் லேசாகி, இலை வாடுவதற்கு ஒரு நாள் முன்னால் இருக்கும் எண்தான் உங்கள் 'தண்ணீர் விடு'. வாடின பிறகு வரும் எண்ணை எடுக்காதீர்கள், அது காலம் கடந்த எண். கோகோபீட் அதிகமான கலவைக்கும் செம்மண் அதிகமான கலவைக்கும் தனித்தனியாக இதைச் செய்யுங்கள்.

எண் ஒரே இடத்தில் நிற்காமல் குதிக்கிறது.

வரிசையாகச் சந்தேகப்படுங்கள். முதலில் ஒயர். போர்டோடு இலவசமாக வரும் ஜம்பர் ஒயரின் முனை மாடி ஈரத்தில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது, கையால் ஆட்டிப் பார்த்தால் எண் துள்ளும். சால்டர் வைத்து, மேலே ஷ்ரிங்க் ட்யூப் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய்) போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அடுத்து பின். இஎஸ்பி32-இல் வோல்ட்டேஜை அளக்கும் அனலாக் பின்கள் இரண்டு கூட்டமாக இருக்கின்றன. வைஃபை ஓடும்போது இரண்டாவது கூட்டம், அதாவது ஏடிசி2, வேலை செய்யாது. 32 முதல் 39 வரை எண்ணுள்ள பின்களில் மட்டும் சென்சாரை மாட்டுங்கள். 'வைஃபை இல்லாமல் சோதித்தபோது நன்றாக இருந்தது' என்று ஒருவர் சொன்னால் நான் கண்ணை மூடிக்கொண்டு பின் எண்ணைத்தான் கேட்பேன்.

பம்பு ஓடும்போது மட்டும் குதிக்கிறது என்றால், பம்பு ஓடாத நேரத்தில் அளவெடுங்கள், அவ்வளவுதான். ஒயர் ஏழெட்டு மீட்டர் நீண்டால் அனலாக் சிக்னலை அவ்வளவு தூரம் இழுக்காமல் ஏடிஎஸ்1115 மாதிரி, வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் ஒரு ஏடிசி போர்டைச் சென்சார்கள் பக்கத்தில் வைக்கலாம். எப்படியிருந்தாலும் ஒரே ஒரு ரீடிங்கை நம்பாதீர்கள். பத்து எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கடையில் வாங்கிய ஐந்தில் இரண்டு மட்டும் வேறு மாதிரி நடக்கிறது. எப்படி?

பார்க்க ஒன்று போல இருந்தாலும் உள்ளே ஒன்றல்ல. இந்தச் சென்சாரின் மேல் பகுதியில் எட்டுக் கால் உள்ள 555 டைமர் சிப் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்து அல்லது போனில் படமெடுத்துப் பெரிதாக்கி அதன் மேல் எழுத்தைப் படியுங்கள். டிஎல்சி555 என்றால் நல்லது, அது 3.3 வோல்ட்டில் ஓடும். என்இ555 என்றால் அதற்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும், இஎஸ்பி32-இன் 3.3 வோல்ட்டில் மாட்டினால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். பக்கத்தில் 662கே என்று எழுதிய மூன்று கால் ரெகுலேட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத போர்டுகளும் விற்கிறார்கள், அதில் சப்ளை ஏறி இறங்கினால் ஈரமும் ஏறி இறங்குவது போலத் தெரியும்.

மூன்றாவது குறைதான் பலரைப் பாடாய்ப் படுத்துவது. சென்சாரைத் தண்ணீரில் முக்கினால் ஒரு நொடியில் எண் இறங்கி நிற்க வேண்டும், வெளியே எடுத்தால் அதே வேகத்தில் ஏற வேண்டும். சில போர்டுகளில் அது நிமிடக்கணக்கில் ஆமை போல நகரும். காரணம், உள்ளே இருக்கும் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டோடு சேராமலே விடப்பட்டிருக்கிறது, தயாரிப்பிலேயே வந்த பிழை. பவர் இல்லாமல் மல்டிமீட்டரை அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு மெகா ஓம் காட்டினால் சரி. காட்டாவிட்டால் அந்த இரண்டு பின்னுக்கும் நடுவே நீங்களே ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரைச் சால்டர் வைத்துவிடலாம், சென்சார் திருந்திவிடும். இப்போதெல்லாம் புதிதாக வாங்கியதும் நான் செய்யும் முதல் வேலை இந்தத் தண்ணீர்ச் சோதனைதான்.

காலையில் ஒரு எண், மத்தியானம் ஒரு எண். மண் அதற்குள்ளா காயும்?

கத்திரி வெயிலில் க்ரோ பேக் உண்மையிலேயே காயும், ஆனால் அந்த வித்தியாசம் முழுக்க ஈரத்தால் வந்ததல்ல. சூட்டுக்கும் சென்சாரின் எண் நகரும். தினமும் விடிகாலை ஒரே நேரத்தில் எடுக்கும் அளவை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். சென்சாரின் மேல் பகுதி மேற்கு வெயில் நேராக விழும் பக்கம் இருந்தால் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள்.

ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் ஊற்றிய பிறகு ஈரம் அதிகம் காட்டுகிறது. உண்மையா?

ஊற்றியதில் இருந்த தண்ணீர் உண்மை, மீதி உப்பு. உரம் எதுவானாலும் கரைந்தால் மண்ணின் மின்கடத்தல் கூடும். இரண்டு கால் சென்சார் இதில் முழுக்க ஏமாறும், கெப்பாசிடிவ் கொஞ்சம் ஏமாறும். கடலோரப் பக்கம் உப்பான போர் தண்ணீர் விடுகிறவர்களுக்கு இந்தப் பிழை உரம் போடாமலே மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டு வரும். மாதம் ஒரு முறை அடியில் ஒழுகும்வரை நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவிவிடுங்கள், செடிக்கும் அது நல்லது. உரம் ஊற்றின அன்றைக்கு எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

சென்சார் சரி, ரிலே (போர்டு சொல்லும்போது பம்பை ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச்) 'டிக்' என்கிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை.

பம்பு இல்லாமல் மேல் டேங்கிலிருந்து சொலினாய்டு வால்வு (கரண்ட் கொடுத்தால் திறக்கும் வால்வு) வழியாக விடுகிறீர்களா? அப்படியானால் வால்வின் மேல் எழுத்தைப் படியுங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் அரை இஞ்ச் 12 வோல்ட் வால்வுகள் பலவற்றில் குறைந்தபட்ச அழுத்தம் 0.02 எம்பிஏ என்று போட்டிருக்கும். அதாவது வால்வுக்கு மேலே இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கும் ரப்பர் ஜவ்வு தூக்கும். மாடியிலேயே ஒரு மீட்டர் மேடையில் நிற்கும் டேங்கில், நிரம்பியிருக்கும்போது அந்த அழுத்தம் ஏதோ ஒட்டி வரும், பாதியானதும் வராது. அதனால் காலையில் மோட்டார் போட்டு டேங்க் நிரம்பியதும் வால்வு திறக்கும், சாயங்காலம் திறக்காது, நாம் சென்சாரையும் புரோகிராமையும் நோண்டிக்கொண்டிருப்போம். பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் மூன்று சென்சார் மாற்றிய பிறகுதான் இதைக் கண்டுபிடித்தோம், எனக்கும் அதுவரை தோன்றவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது. அழுத்தமே தேவையில்லாத வகை வால்வோ மோட்டார் வைத்த பால் வால்வோ வாங்குங்கள், அல்லது ஒரு சின்ன பம்பு வையுங்கள்.

வால்வு திறந்தும் சில செடிக்கு மட்டும் வரவில்லை என்றால் சொட்டுவான் அடைப்பு. ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள்.

பம்பு ஓடத் தொடங்கியதும் போர்டு ரீஸ்டார்ட் ஆகிறது.

பம்பு கிளம்பும்போது கரண்டை இழுப்பதில் வோல்ட்டேஜ் சரிந்து போர்டு அணைகிறது. பம்புக்குத் தனி அடாப்டர் வையுங்கள். அணைக்கும்போது எழும் வோல்ட்டேஜ் துள்ளலைத் தடுக்க, பம்பு அல்லது வால்வின் இரண்டு முனைக்கு நடுவே 1என்4007 டயோடு ஒன்று, கோடு போட்ட பக்கம் பாசிட்டிவில் இருக்கும்படி.

பம்பு நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்றுதான் விரும்புவேன், பெரும்பாலானவர்கள் நடந்த பிறகுதான் கேட்கிறார்கள். ஒரு சித்திரை மாதம், காக்கை மண்ணைக் கிளறியதில் சென்சார் வெளியே வந்து பேக் ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. காற்றில் கிடக்கும் சென்சார் என்ன சொல்லும்? ரொம்பக் காய்ந்துவிட்டது என்று சொல்லும். இரவு முழுக்கப் பம்பு ஓடியிருக்கிறது. விடிந்து மேலே போனால் தளம் பூராவும் கோகோபீட் சாயம் இறங்கிய பழுப்புத் தண்ணீர், டேங்க் காலி, வீட்டில் குழாயைத் திறந்தால் காற்று. கத்தரி நாற்று பதினான்கும் வேர் அழுகி அந்த வாரமே போயின. போட்ட உரமெல்லாம் மழைநீர்க் குழாய் வழியாகக் கீழே போனது தனி வருத்தம்.

அன்றிலிருந்து என் புரோகிராமில் மூன்று விதிகள் இருக்கின்றன. ஒன்று, சென்சார் என்ன சொன்னாலும் ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு நாலு தடவை, அதற்கு மேல் பம்பு ஓடாது. மணிக்கு நாலு லிட்டர் சொட்டுவானில் மூன்று நிமிடம் என்பது 200 மில்லி, ஆபத்தில்லாத அளவு. இரண்டு, விட்ட பிறகு இருபது நிமிடம் காத்திருந்துதான் மறு அளவு, ஏனென்றால் தண்ணீர் சொட்டிய இடத்திலிருந்து சென்சார் வரை பரவ நேரம் வேண்டும். தொடங்கும் எண்ணும் நிறுத்தும் எண்ணும் ஒன்றாக இருக்கக் கூடாது, 35 சதவீதத்தில் தொடங்கினால் 60-இல் நிறுத்துங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: காற்றில் வரும் எண் வந்தால் அதை வறட்சி என்று எடுக்காதே, பழுது என்று எடு. மண்ணில் குத்தியிருக்கும் சென்சார் எவ்வளவு காய்ந்தாலும் அந்த எண்ணைத் தொடுவது அரிது. அந்த எண்ணோ, 0 அல்லது 4095 போன்ற ஓர எண்ணோ வந்தால் பம்பை நிறுத்திவிட்டு எனக்குச் செய்தி வரும்.

எவ்வளவு ஆழம், எங்கே குத்துவது?

கீரைக்கு மேல் ஐந்தாறு செ.மீ. மண்ணில் சாய்வாக, தக்காளி, கத்தரி, வெண்டைக்கு நேராக முழு ஆழம். சென்சாரில் போட்டிருக்கும் கோட்டுக்கு மேல் மண் ஏறக் கூடாது. செடிக்கும் பேக் ஓரத்துக்கும் நடுவில், சொட்டுவானிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி. நாற்பது பேக்குக்கு நாற்பது சென்சார் தேவையில்லை, ஒரே மாதிரி செடி, ஒரே மாதிரி வெயில் உள்ள வரிசைக்கு ஒன்று போதும். அதிலும் சீக்கிரம் காயும் பேக்கில் வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கழற்றிவிட வேண்டுமா?

நான் கழற்றுவதில்லை. ஆனால் சிப் இருக்கும் மேல் பகுதியை ஷ்ரிங்க் ட்யூபுக்குள் விட்டு, இரண்டு வாயிலும் சிலிக்கான் அடைத்திருக்க வேண்டும். மூடாமல் விட்டது ஒரே மழையில் போய்விடும்.

விலை கூடியதை வாங்கினால் இந்தத் தலைவலி இருக்காதா?

குறையும். கோவையில் உள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டியைப் பாருங்கள்: மண்ணில் குத்தினால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று விளக்கு எரியும், நீலம் என்றால் ஈரம் தாராளம், சிவப்பு என்றால் உடனே தண்ணீர் வேண்டும். விவசாயிகளுக்காகச் செய்தது, எண்ணே கிடையாது, எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடிக்கும். ஆனால் கையில் எடுத்துப் போய்ப் பார்க்கிற கருவி அது, பம்பை ஓட்டுவதற்காகச் செய்ததல்ல. டென்சியோமீட்டர் நல்ல கருவி, வேர் எவ்வளவு கஷ்டப்பட்டுத் தண்ணீரை இழுக்கிறது என்பதையே அளப்பது, உப்பு அதை ஏமாற்றாது. ஆனால் அதற்குள் தண்ணீர் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும், கோகோபீட் போன்ற பொலபொலப்பான கலவையில் அதன் பீங்கான் முனை சரியாக ஒட்டாது. மாடித்தோட்டத்துக்கு நன்றாக மூடி ஒட்டிய சாதாரணக் கெப்பாசிடிவே போதும் என்பது என் கருத்து.

பத்து நாள் ஊருக்குப் போகிறோம். இதை நம்பி விட்டுப் போகலாமா?

சென்சாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். போவதற்கு ஒரு வாரம் முன்பே காலை ஒரு முறை, மாலை ஒரு முறை என்று டைமரில் மாற்றி ஓட்டிப் பாருங்கள், மழை பெய்து மண் நனைந்திருந்தால் அன்றைக்கு விடாமல் தடுக்கும் வேலையை மட்டும் சென்சாருக்குக் கொடுங்கள். அது காய்ந்தது என்று காட்டிப் பழுதானாலும் செடிக்குக் கிடைப்பது வழக்கமான தண்ணீர்தான், கூடாது; ஈரம் என்று காட்டிப் பழுதானால் மட்டும் தண்ணீர் நின்றுபோகும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் ரிலே அணைந்த நிலையில் வருகிறதா என்று பிளக்கைப் பிடுங்கி மாட்டி நாலு தடவை சோதியுங்கள், சில ரிலே போர்டுகள், இஎஸ்பி32 எழுந்திருக்கும் அந்த இரண்டு நொடியில் தானாக மாட்டிக்கொள்ளும். சின்னப் பேக்குகளை நிழலுக்கு நகர்த்துங்கள், மண் மேல் காய்ந்த இலையைப் பரப்புங்கள். எங்கள் வீட்டில் எதிர் வீட்டு அக்காவிடம் மாடிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறோம். அவர் இரண்டு நாளைக்கு ஒரு தடவை மேலே வந்து, எந்த எண்ணையும் பார்க்காமல், இரண்டு பேக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு 'கனமா இருக்கு' என்றோ 'லேசா இருக்கு' என்றோ போனில் சொல்வார்.